காந்தம் இழுத்த கம்பி

அற்புதமணி கொடுக்க வேண்டிய பாக்கி நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் அறுபது பைசா. ஜெபசிங்கின் சவுண்ட் சர்வீஸ் கடையை அடைக்கிற பலகைகளில் ஒன்றின் உட்புறம் சாக்பீஸால் அது எழுதியிருந்தது. காலையில் கடை திறந்ததும் பலகைகளைக் கழற்றிச் சுவரில் சாத்தி வைப்பார்கள். உட்புறம் தெருவைப் பார்க்கும். ஜெபசிங் அதை நோட்டில் எழுதவில்லை. நோட்டில் எழுதினால் அவர் ஒருவர்தான் படிப்பார்.

"வெக்கப்படுதவன் வெரசா குடுப்பான். வெக்கமில்லாதவன் மெதுவா குடுப்பான். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்.

கடன் ஒரு கிடாருக்கு. நாலு கம்பி வைத்த பேஸ் கிடார், ஜப்பானில் செய்தது. புதுத் துறைமுகத்துக்கு வந்த கப்பலின் மாலுமி ஒருவனிடம் ஜெபசிங் அதை வாங்கினார். மற்ற பேஸ் கிடார்களைவிட அதன் கழுத்து குட்டை. ஷார்ட் ஸ்கேல் என்பார்கள். கம்பியின் நீளம் குறைவு, அதனால் விறைப்பும் குறைவு, விரலுக்கு மெத்தென்று இருக்கும். ஜெபசிங் நடத்துகிற குழுவில் வாசிக்கிறவர்கள் அதைப் பொம்மை என்றார்கள். அற்புதமணிக்கு அது ஒன்றுதான் கைக்கு எட்டியது.

பழைய துறைமுகத்தில் தோணிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவன் அவன். வருஷக்கணக்காக இடது தோளில் மூட்டை வாங்கியதில் அந்தத் தோள் ஓரளவுக்கு மேல் விரியாது. நீளக் கழுத்துக் கிடார் ஒன்றை முன்பு ஒரு முறை மாட்டிப் பார்த்திருக்கிறான். தலைப்பக்கம் வரை கை போகவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். குட்டைக் கழுத்துக் கிடாரை முதல் நாள் மாட்டியபோது கை எல்லா இடத்துக்கும் போனது. அன்று யாரும் சிரிக்கவில்லை. இந்தக் கரையில் அப்படி இன்னொரு கிடார் கிடையாது என்று ஜெபசிங்குக்கும் தெரியும். அதனால்தான் விலையை அவர் இஷ்டத்துக்குச் சொன்னார்.

பேச்சு இப்படி முடிந்தது. அற்புதமணி ஜெபசிங்கின் மெல்லிசைக் குழுவில் வாசிக்க வேண்டியது. கச்சேரிக்கு இருபது ரூபாய் கடனில் கழியும். கடன் தீர்ந்தால் கிடார் அவனுக்கு. அதுவரைக்கும் குழுவை விட்டு அவனாக நின்றாலோ, அவனால் ஒரு கச்சேரி கெட்டாலோ கிடார் ஜெபசிங்குக்கு. டிரம்ஸ் வாசிக்கிற ஜேசுதாசன் சாட்சி.

ஒரு வருஷம் ஒழுங்காகக் கழிந்தது. பிறகு கிடாரின் சத்தம் கம்மத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடியோடு நின்றுவிட்டது. கம்பி அதிர்ந்தது, ஆம்ப்ளிபயரில் ஒன்றும் வரவில்லை.

ஜெபசிங் பார்த்துவிட்டுச் சொன்னார். "பிக்கப் செத்துப் போச்சிலே. கம்பிக்குக் கீழ இருக்குல்லா, காந்தமும் காயிலும், அதுதான் பிக்கப். கம்பி ஆடுதத அதுதான் கரண்டாக்கிக் குடுக்கும். உப்பு மூட்ட தூக்குன கையோட வந்து வாசிச்சா அது உசுரோட இருக்குமா? நீ தொட்டா உன் பொண்டாட்டிக்கே துரு பிடிக்கும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அற்புதமணியும் கொஞ்சம் சிரித்து வைத்தான். என்ன செய்ய.

அன்று கடையில் பொன்னுதுரை இருந்தான். கப்பல் ஏஜென்ட் ஒருவரின் மகன், பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறவன். சர்ச் விழாவில் அந்தக் கிடாரைக் கேட்டதிலிருந்து அவனுக்கு அதன்மேல் ஒரு கண். ஜெபசிங்கிடம் இரண்டு முறை கேட்டுவிட்டான். ஆயிரத்து ஐந்நூறு தருவதாகச் சொன்னான். ஜெபசிங் அதை அற்புதமணியிடம் சொல்லியும் பார்த்தார்.

"விட்டுக் குடுத்துருல. உனக்கு ஒரு நூறு தாரேன்."

"இல்ல அண்ணாச்சி. இது எனக்கு."

"உனக்குன்னா? பலகையில எழுதியிருக்கது யாரு பேரு?"

"கழிஞ்சிட்டுத்தான அண்ணாச்சி இருக்கு."

சாட்சி வைத்துப் பேசிய பேச்சு, தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. அதை உடைத்தால் குழுவில் ஒருவனும் நிற்க மாட்டான். உடைக்காமல் வாங்க வேண்டும். ஜெபசிங்குக்கு அவசரமில்லை.

அவர் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே புது பிக்கப். ஜப்பான் சாமான், இதே மாதிரிக் கிடாருக்கென்று செய்தது. அந்த மாலுமி கிடாரோடு சேர்த்துக் கொடுத்தது. "நூத்தம்பது. கடன்ல சேத்துக்கிடுதேன். பொன்னுதுரை அக்கா கல்யாணம் வருது, அடுத்த சனிக்கெழம ரிசப்ஷன். நம்ம கச்சேரிதான். அதுக்குள்ள சரி பண்ணு. பண்ணலன்னா நீயா நின்னதாத்தான் அர்த்தம்."

அற்புதமணி பெட்டியைத் தொடவில்லை. நூற்றைம்பது என்றால் ஏழெட்டுக் கச்சேரி. கிடாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு செந்தூர்பாண்டியிடம் போனான்.

செந்தூர்பாண்டிக்கு மோட்டார், மின்விசிறிக்குக் காயில் கட்டுகிற வேலை. சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிற தெருவுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. இரண்டு பேரும் சின்ன வயசிலிருந்து பழக்கம். செந்தூர்பாண்டி செத்த பிக்கப்பைப் பிரித்தான். உள்ளே முடியைவிட மெல்லிய செம்புக்கம்பி பச்சையாகப் பூத்திருந்தது. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

"தின்னுட்டுலே உப்பு. இத ஒட்ட வைக்க முடியாது. புதுசாக் கட்டணும்."

"முடியுமா?"

"ஃபேன் கம்பி ஆகாது. தடி. லாரி இக்னிஷன் காயில் ஒண்ணு செத்தது கெடக்கு. அதுக்குள்ள இந்த மாதிரி முடிக்கம்பி இருக்கும். காந்தத்துக்கு லாஞ்ச் எஞ்சின்ல உள்ள பழைய மேக்னட்டோ ஒண்ண ஒடைக்கேன்."

"எவ்வளவு ஆவும்?"

"நீ காசு குடுக்கியா எனக்கு? போலே அங்கிட்டு. என் மவ கல்யாணத்துக்கு வந்து வாசி."

"உனக்கு மவ ஏதுலே?"

"பொறந்தா."

மூன்று நாள் வேலை விட்டு வந்ததும் அற்புதமணி அங்கேதான் போய் உட்கார்ந்தான். செந்தூர்பாண்டி தையல் மிஷின் சக்கரத்தில் காயில் கட்டுகிற கட்டையை மாட்டிக் கம்பியைச் சுற்றினான். கம்பி அறுந்தது, ஒட்டினான், மறுபடி அறுந்தது. காயிலின் நடுவில் நாலு கம்பிக்கு நாலு இரும்புத் தண்டு வைத்தான், அடியில் மேக்னட்டோவிலிருந்து எடுத்த காந்தம். முடித்துக் கிடாரில் பொருத்தும்போது இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்க்ரூ வைத்து, அதற்கடியில் சைக்கிள் டியூபை வெட்டி மெத்தை வைத்தான்.

"இந்த ரெண்டு ஸ்க்ரூவையும் திருகுனா பிக்கப் ஏறும், எறங்கும். கம்பிக்கு எவ்வளவு கிட்டத்துல வேணும்னு எனக்குத் தெரியாது. நான் வாசிக்கிறவன் இல்ல. உன் காதுக்கு எங்க நல்லா இருக்கோ அங்க நிறுத்திக்க."

அவனிடம் ஆம்ப்ளிபயர் கிடையாது. கேட்டுப் பார்க்க ஜெபசிங்கின் கடைக்குத்தான் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போனார்கள். ஜேசுதாசனும் இருந்தான். ஜெபசிங் செந்தூர்பாண்டியின் பிக்கப்பைக் கழற்றச் சொல்லிக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிட்டாய் டப்பா மாதிரி இருக்கேலே. சரி, பாத்துருவோம். ரெண்டையும் போட்டுப் பாப்போம். எது நல்லா இருக்கோ அது. நான் என்ன, என் சாமானத்தான் வாங்கணும்னு சொல்லுதேனா?"

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. லவுட்ஸ்பீக்கர் வாங்க வருகிறவர்கள் அதன் காந்தத்தில் ஆணிகளைக் கோத்துப் பார்ப்பார்கள். ஒரு ஆணியின் வாலில் அடுத்த ஆணி, அதன் வாலில் அடுத்தது. சரம் எவ்வளவு நீளம் தொங்குகிறதோ அவ்வளவு நல்ல ஸ்பீக்கர். அதற்கென்றே ஒரு டப்பா நிறைய ஆணி மேசையில் இருக்கும். கோயில் கொடைக்கு வாங்க வருகிறவர்கள், சர்ச்சுக்கு வாங்க வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் வாங்கினார்கள். ஜெபசிங் அந்த டப்பாவை அற்புதமணியின் பக்கம் தள்ளினார்.

ஜப்பான் பிக்கப்பில் மூன்று ஆணி நின்றது. நாலாவது விழுந்துவிட்டது. செந்தூர்பாண்டியின் பிக்கப்பில் சரம் நீண்டுகொண்டே போய் மேசையைத் தொட்டது. செந்தூர்பாண்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அற்புதமணி அவன் முதுகில் ஒரு அடி வைத்தான்.

"சபாஷ்" என்றார் ஜெபசிங். "இப்ப கேட்டுப் பாப்போம்."

முதலில் ஜப்பான் பிக்கப்பை வைத்து ஒயர்களை முறுக்கி இணைத்தார்கள். அற்புதமணி வாசித்தான். சத்தம் அடக்கமாக வந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, துடைத்து வைத்தது போல இருந்தது. ஆனால் எங்கோ தள்ளி, அடுத்த அறையில் யாரோ வாசிப்பது போல.

அதைக் கழற்றி மற்றதைப் பொருத்தி, ஒயர்களை மாற்றி இணைக்க நேரமானது. அதற்குள் முதலாவதின் சத்தம் காதில் ஆறிப்போய்விட்டது. நல்லா இருந்தது என்கிற நினைப்புதான் இருந்தது, எப்படி இருந்தது என்பது இல்லை. அற்புதமணி ஸ்க்ரூவில் திருப்புளியை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"எவ்வளவு ஏத்தட்டும் அண்ணாச்சி?"

"இதென்ன கேள்வி? மைக்க வாயோட வச்சாத்தான கேக்கும்? ஏத்து. இன்னும் ஏத்து. கம்பிய ஒட்டி நிக்கட்டும்."

ஏற்றினான். திறந்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினான். ஸ்பீக்கர் பெட்டியின் மேலிருந்த காபித் தம்ளர் நகர்ந்தது. பலகைகள் சுவரில் தடதடத்தன. எதிர்க்கடை வடிவம்மாள் வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். செந்தூர்பாண்டி கை தட்டினான். அற்புதமணி மறுபடி தட்டினான். மூட்டையை இறக்கியதும் முதுகு நிமிருமே, அப்படி நிமிர்ந்து நின்றான். சத்தம் பெரிதாக இருக்கிறபோது அது நல்ல சத்தம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஜேசுதாசன் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "அண்ணே, மேல் ஸ்தாயில ஒருக்க வாசிச்சுக் காட்டுங்க. அந்த ஸ்லோ பாட்டுல தனியா வருமே, அது."

அற்புதமணியின் கை கழுத்தின் தலைப்பக்கத்திலிருந்து பிக்கப் பக்கமாக நகரத் தொடங்கியது. ஜெபசிங் பிளக்கைப் பிடுங்கினார்.

"போதும்லே. கரண்டு பில்லு உங்க மாமனா கட்டுவான்? அற்புதம், எது வேணும்? நீயே சொல்லு. நாளைக்கி நான் சொன்னேன்னு வரக்கூடாது."

"இதுதான் அண்ணாச்சி. பாண்டி கட்டுனது."

"ஜேசுதாசா, கேட்டுக்கிட்டியா? அவனாச் சொல்லுதான்." ஜப்பான் பிக்கப்பை அட்டைப்பெட்டியில் வைத்து மூடி அலமாரிக்குள் வைத்தார். நூற்றைம்பது போய்விட்டதே என்கிற வருத்தம் அவர் முகத்தில் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சர்ச் மண்டபத்தில் ரிசப்ஷன். ஊரில் பெரிய கைகள் எல்லாம் வந்திருந்தார்கள். அற்புதமணி உப்பு போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தான். கிடாரை மாட்டுகிற பட்டை, அவன் மனைவி ஞானபாய் தோணிப் பாய்த் துணியை மடித்துத் தைத்தது. அவள் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். "நீங்க கடைசி மூட்டயத் தூக்குத அன்னைக்கும் இது அறுந்து போவாது" என்று சொல்லித்தான் கொடுத்தாள். இன்று மண்டபத்தின் கடைசியில், சமையல்காரப் பெண்களோடு நின்று பார்த்தாள்.

முதல் இரண்டு பாட்டும் வேகமானவை. கீழ் ஸ்வரங்களில் தடதடவென்று ஓடியது. சனம் தாளம் போட்டது. மூன்றாவது அந்த ஸ்லோ பாட்டு. சரணத்துக்கு முன் எல்லா வாத்தியமும் நின்று பேஸ் கிடார் மட்டும் மேல் ஸ்தாயியில் ஏறி இறங்க வேண்டும்.

ஏறினான். முதல் ஸ்வரமே கோணிக்கொண்டு வந்தது. அடுத்ததும். ஒரே கம்பியில் இரண்டு சத்தம் வந்தது. அவன் ஒன்று வாசிக்க, பக்கத்தில் யாரோ அதையே தப்பாக வாசிப்பது போல் ஆடியது. விரலை அழுத்தினான், இன்னும் கெட்டது. கிடாரின் தலையிலிருந்த முறுக்காணியைத் திருகிச் சுருதி சேர்த்தான். மேலே சேர்ந்தால் கீழே போனது. பாடுகிற பெண் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் வாயைத் திறந்து மூடினாள். முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. அதைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தார். மாப்பிள்ளை சிரித்ததும் மண்டபம் சிரித்தது.

ஜெபசிங் மைக்கைப் பிடித்தார்.

"சபையோர் மன்னிக்கணும். நம்ம பேஸ் கிடார் ஆர்ட்டிஸ்ட் பகல்ல உப்பு மூட்ட தூக்குதவரு. காதுக்குள்ளயும் உப்பு போயிருச்சி. அவரு எறங்கிப் போயி சாப்பிடட்டும். ரசத்துக்கு உப்பு பத்தலன்னு பரிசாரகரு சொன்னாரு, அங்கன கொஞ்சம் கையக் கழுவுனாப் போதும்."

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. அற்புதமணி கிடாரோடு நின்றான். ஜெபசிங் வந்து அவன் தோளிலிருந்து பட்டையைக் கழற்றினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பையைக் கழற்றுகிற மாதிரி. அப்படியே ஜேசுதாசன் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"பேச்சு என்னலே?"

ஜேசுதாசன் டிரம்ஸ் குச்சியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அவரால கச்சேரி கெட்டா கிடார் உங்களுக்கு."

"கெட்டுச்சா?"

"கெட்டுச்சி அண்ணாச்சி."

கச்சேரி முடிந்ததும் ஜெபசிங் அவனை வேனுக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்கச் சொன்னார். "வந்ததுக்கு ஒரு வேல செய்யணும்லா." தூக்கினான். இடது தோளில்தான்.

விடிந்ததும் அவன் செந்தூர்பாண்டியின் கொட்டகைக்குப் போனான். செந்தூர்பாண்டி ஒரு மின்விசிறியைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான். விசிறிக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள்.

"வாலே. எப்படி இருந்துச்சி கச்சேரி?"

அற்புதமணி முடிக்கம்பி சுற்றியிருந்த உருளையை எடுத்துத் தெருவில் எறிந்தான். அது உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது, வழியெல்லாம் கம்பியை விட்டுக்கொண்டே போனது.

"நாசமாப் போறவனே. ஓசில செஞ்சு தாரேன் ஓசில செஞ்சு தாரேன்னு என் சோத்துல மண்ணப் போட்டுட்டியேடா. லாரி எஞ்சின்ல கெடந்ததயும் லாஞ்ச்ல கெடந்ததயும் வச்சு... ஊரே சிரிச்சுதுடா."

"என்னாச்சிலே? கத்தாமச் சொல்லு. சத்தம் வரலியா?"

"வந்துச்சிடா. நாய் ஊளையிடுத மாதிரி வந்துச்சி. மேல போனா ஒண்ணும் சேரல."

"மேல போனாவா?" செந்தூர்பாண்டி எழுந்தான். "ஏலே, ஸ்க்ரூவ எவ்வளவு ஏத்தி..."

அற்புதமணி அறைந்தான். மூட்டை தூக்குகிற கை. செந்தூர்பாண்டி விசிறி உதிரிகளின்மேல் விழுந்தான். உதடு கிழிந்துவிட்டது.

"இவன்ட்ட எவனும் எதையும் குடுக்காதீங்க. இவன் கட்டுத காயிலு வெளங்காது" என்று அற்புதமணி தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான். வாசலில் நின்ற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு உள்ளே வந்து விசிறியின் உதிரிகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். செந்தூர்பாண்டி தடுக்கவில்லை. உதட்டைப் பிடித்துக்கொண்டு, தெருவில் கிடந்த கம்பியைச் சுற்றத் தொடங்கினான். அது இனி எதற்கும் ஆகாது. இருந்தாலும் சுற்றினான்.

வீட்டில் ஞானபாய் அவனைத் திட்டவில்லை. "கிடாரு போனாப் போவுது. கடனும் அதோட போச்சில்ல. அந்தப் பட்டைய மட்டும் வாங்கிட்டு வந்துருங்க. அது நான் தச்சது" என்றாள்.

ஆராதனை முடிகிற நேரத்துக்குக் கடைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை பாதிதான் திறந்திருந்தது. உள்ளே பொன்னுதுரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கிடார் மேசையில் மல்லாந்து கிடந்தது. ஜெபசிங் அதன்மேல் குனிந்து சின்னத் திருப்புளியால் எதையோ திருகிக்கொண்டிருந்தார்.

"வா அற்புதம். நல்ல நேரத்துல வந்த. உக்காரு."

பொன்னுதுரைக்குச் சந்தேகம். "அந்த ஜப்பான் பிக்கப்ப மாத்திக் குடுங்க அண்ணாச்சி. நேத்து கேக்கவே முடியல."

"எதுக்கு மாத்தணும்? இது கட்டுனது நல்லாத்தான் கட்டியிருக்கான். அதவிட நல்லாருக்கு. கெட்டிச் சத்தம்." திருப்புளி இன்னொரு பக்கத்து ஸ்க்ரூவுக்குப் போனது. "விஷயம் என்னன்னா தம்பி, இது ஷார்ட் ஸ்கேலு. கம்பி விறைப்பு கம்மி. அதுக்குக் கீழ இவ்வளவு பலமான காந்தத்த ஒட்டி வச்சா, காந்தம் கம்பியப் புடிச்சி இழுக்கும். மேல போகப் போக விரலு கம்பிய அமுக்கி காந்தத்துக்கிட்ட கொண்டாந்துருதுல்லா, அப்ப இன்னும் இழுக்கும். சுருதி எப்படி நிக்கும்? அந்த மாலுமி கிடார விக்கும்போதே படிச்சுப் படிச்சுச் சொன்னான், ஒட்டி வைக்காதேன்னு. எறக்கிட்டாத் தீந்துது. ரெண்டு திருகு."

அற்புதமணி கேட்டுக்கொண்டு நின்றான். ஜெபசிங் குரலைத் தாழ்த்தவில்லை. அவன் இல்லாத மாதிரி பேசவும் இல்லை. அவனுக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

"அண்ணாச்சி, நீங்கதான ஏத்தச் சொன்னீங்க" என்றான் அற்புதமணி.

"நான் சொன்னேன். நீ ஏன் ஏத்துன? கிடார் உனக்குன்னு சொன்னியே அன்னைக்கி. உன் சாமான் உனக்குத் தெரிய வேண்டாமா?"

பொன்னுதுரை வேறு பக்கம் பார்த்தான். சிரிப்பை அடக்குகிறானா, கூச்சப்படுகிறானா என்று தெரியவில்லை.

அற்புதமணியின் வாயில் செந்தூர்பாண்டியின் பெயர் வந்தது. விழுங்கிவிட்டான். கிடாரில் தொங்கிய பட்டையைக் காட்டினான். "பட்டைய மட்டும் குடுத்துருங்க. நான் போறேன்."

"கடன்?"

"கிடார்தான் போச்சே அண்ணாச்சி."

"கிடார் போச்சுன்னா கடன் போச்சுன்னு எவன் சொன்னான்? ஜேசுதாசனக் கூப்புட்டுக் கேளு. கச்சேரி கெட்டா கிடார் எனக்கு. அவ்வளவுதான் பேச்சு. கடனப் பத்தி யாரு பேசுனா?"

உண்மைதான். யாரும் பேசவில்லை. அற்புதமணி பலகையைப் பார்த்தான். தொகை அப்படியே இருந்தது. இனி அதில் கழிய வழியும் இல்லை. இல்லாத கிடாருக்கு அவன் சாகும்வரை மூட்டை தூக்கிக் கட்ட வேண்டும்.

ஜெபசிங் அவனைக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க விட்டார். பிறகு பிளக்கைச் சொருகி, கிடாரை அவன் பக்கம் நீட்டினார்.

"நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்லலே. தம்பிக்கு வாங்கலாமா வேண்டாமான்னு யோசனையா இருக்கு. நேத்து கேட்டது காதுலயே நிக்கிதாம். நீ வாசிச்சுக் காட்டு. அதே பாட்டு, அதே எடம். உன்ன மாதிரி இங்கன எவன் வாசிப்பான்? தம்பிக்குப் பிடிச்சிருச்சின்னா உன் கடன அழிச்சிருதேன்."

அற்புதமணி கிடாரை மாட்டினான். பட்டை தோளில் அதன் பழைய இடத்தில் உட்கார்ந்தது. சுருதி சேர்த்தான். கீழேயிருந்து தொடங்கினான். பலகை அதிரவில்லை, தம்ளர் நகரவில்லை. கெட்டியான, உருண்டையான சத்தம் வந்தது. ஜப்பான் பிக்கப்பில் கேட்டது போல ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக நின்றது, ஆனால் தள்ளி இல்லை, பக்கத்தில், காதுக்குள். அறுந்த கம்பியை ஒட்டி ஒட்டிச் செந்தூர்பாண்டி கட்டியது இதைத்தான். மேல் ஸ்தாயிக்கு ஏறினான். ஒன்றும் கோணவில்லை. ஏறி, நின்று, இறங்கினான். அவ்வளவு நன்றாக அவன் அதற்கு முன் வாசித்ததில்லை. கெடுத்து வாசித்திருக்கலாம். அது தோன்றவே இல்லை. கை அதுவாகப் போயிற்று.

பொன்னுதுரை எழுந்துவிட்டான். "எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி." கிடாரை வாங்க வந்தவன் பட்டையைத் தடவிப் பார்த்தான். "இது நல்லாருக்கே. என்ன துணி?"

"தோணிப் பாய்" என்றான் அற்புதமணி. "அது என் வீட்டுக்காரி..."

"அதும் சேத்துத்தான் தம்பி. எடுத்துக்கிடுங்க" என்றார் ஜெபசிங்.

பொன்னுதுரை போனபிறகு ஜெபசிங் பணத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பலகையைக் காட்டினார்.

"நீயே அழிச்சிரு. நான் அழிச்சா பொறவு சந்தேகம் வரும்."

அற்புதமணி உள்ளங்கையால் தேய்த்தான். முதலில் அவன் பெயர் போனது. பிறகு நானூற்றுப் பன்னிரண்டு. உப்பு அறுத்த வெடிப்புகளுக்குள் சாக்பீஸ் பொடி போய்க் கை வெளுத்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"ஏலே, அங்க பாரு. அறுபது பைசா இருக்கு" என்றார் ஜெபசிங். "அதயும் அழி. அறுவது பைசாவுக்கு உன்னப் பிடிச்சு வைக்கிற ஆளா நான்?"

அற்புதமணி அதையும் அழித்தான்.